ஐம்பத்தேழு கிலோ

எடை மெஷினையா தேடறீங்க? தேடாதீங்க அம்மிணி, இங்க இல்லை. உள் ரூமுக்குக் கொண்டு போயி கதவையும் சாத்தி வெச்சுட்டாங்க. ஒம்பது வருசமா இந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. டைல்ஸ்ல சதுரமா தடம் தெரியுது பாருங்க, அங்கதான்.

உக்காருங்க. டோக்கன் பதினாலுங்களா? இப்பத்தான் ஆறு உள்ள போயிருக்கு. முந்தியெல்லாம் டாக்டர் ஒரு ஆளுக்கு மூணு நிமிசந்தான். நாங் குறிச்சுக் குடுக்கற எடையைப் பாப்பாரு, மருந்து எழுதுவாரு, மணி அடிப்பாரு. ஆளு மூஞ்சியக்கூட நிமிந்து பாக்க மாட்டாரு, அவ்வளவு தெறமை. இப்ப ஒரு ஆளுக்கு இருவது நிமிசம். என்னத்தைப் பேசறாங்கன்னு கேக்கறீங்களா? "மனசு எப்படிம்மா இருக்குது"ன்னு கேக்கறாராம். எடை கொறைக்க வந்தவங்ககிட்ட மனசைக் கேட்டு என்ன ஆவப்போவுது? மனசு என்ன, நாலு கிலோ இருக்குமா?

நான் சாந்தாமணி. டாக்டர் அர்த்தநாரி சார் இந்த கிளினிக்கைத் தொறந்த நாள்லருந்து ரிசப்சன்ல நான்தான். மொதல்ல வெறும் சர்க்கரை வியாதிக்குத்தான் பாத்துட்டிருந்தாரு. அப்பறம் இந்த வாரத்துக்கு ஒரு ஊசி வந்துச்சு பாருங்க, போட்டா பசிக்காதுங்கற ஊசி, அதுக்கப்பறம் ஈரோட்டுல பாதிப் பேரு இங்கதான். போர்டை மாத்தி எழுதினோம். நாற்காலி அகலமா வாங்கிப் போட்டோம். அந்த நாற்காலியிலதான் நீங்க உக்காந்திருக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாத்தையும் அதுலதான் உக்கார வெக்கறோம்.

எடை பாக்கறது என்னோட வேலை. ஏறச் சொல்லுவேன், பாப்பேன், சத்தமாச் சொல்லுவேன். உள்ள நர்சுக்குக் கேக்கறதுக்குத்தான் சத்தம், வேற ஒண்ணுமில்லை. ஹால்ல நாப்பது பேரு உக்காந்திருந்தா அவங்க காதுலயும் உளுகத்தான் செய்யும். அதுக்கு நானென்ன பண்ணட்டும்? கொஞ்சம் கூச்சம் வந்தாத்தான நாக்கு அடங்கும். நான் எடை சொல்லி மூணு பேரு அழுதிருக்காங்க. மூணு பேருமே கொறைச்சாங்க, கேட்டுக்கங்க.

அப்படித்தான் தமயந்தி வந்தா. போன வருசம் சித்திரை மாசம். முப்பத்தி நாலு வயசு. சூரம்பட்டியில சமையல் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றவ. வளைகாப்பு, காது குத்து, நிச்சயதார்த்தம்னா எரநூறு முந்நூறு பேருக்கு அவளே நின்னு ஆக்கிப் போடுவா. அவ அரிசிம்பருப்பு சாதத்துக்குன்னே தேதி மாத்தி வெச்ச ஊடுக இருக்குது. ஊட்டுக்காரரும் கூட வந்திருந்தாரு, பந்தி பரிமாறற வேலைய அவருதான் பாத்துக்கறாரு. நல்ல தமாஷான மனுசன். "அக்கா, மெஷின் தாங்குமான்னு மொதல்ல பாத்துக்கங்க"ன்னாரு. ஹாலே சிரிச்சுது. அவளும் சிரிச்சா.

ஏறினா. "தொண்ணூத்தி நாலு பாயிண்ட் ரெண்டு!"ன்னேன்.

சிரிப்பு நின்னுருச்சு. அவ எறங்கி முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு மூலையில போயி உக்காந்துட்டா. எனக்கு அப்பவே தெரியும், இவ கொறைப்பா.

கொறைச்சாளே! முதல் மாசம் ஆறு கிலோ. எண்பது ஆச்சு, எழுவத்தஞ்சு ஆச்சு. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் ஊசிக்கு வருவா, நான் எடையைச் சொல்லுவேன், ஹால்ல இருக்கறவங்க கைதட்டுவாங்க. நாந்தான் மொதல்ல தட்டுவேன். எழுவதைத் தொட்ட அன்னிக்கு, பழைய ஜாக்கெட்டு ஒண்ணைக் கொண்டு வந்து போட்டிருந்த ஜாக்கெட்டு மேலயே போட்டுக் காமிச்சா. ரெண்டு பேரு நொழையலாம் அதுக்குள்ள. போட்டோ எடுத்து முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு அந்தச் செவத்துல மாட்டினோம். மத்தவங்களுக்கெல்லாம் அதைத்தான் காமிப்பேன். "பாருங்க, இவளும் சோறு ஆக்கறவதான், சட்டிக்குப் பக்கத்துலயே நிக்கறவதான், வாயைக் கட்டலையா?"ன்னு.

சில நாள் ஊசி இல்லாத கெழமையிலயும் வந்து நிப்பா. "அக்கா, சும்மா ஏறிப் பாத்துக்கட்டுங்களா?"ன்னு. அவங்க ஊட்டுலயும் மெஷின் இருக்குது. ஆனா நான் சொல்லிக் கேட்டாத்தான் அவளுக்குத் திருப்தி. அவ்வளவு பிரியம் என்மேல.

இந்த நேரத்துலதான் மெர்லின் வந்து சேந்துச்சு. நாகர்கோவில் பக்கம் ஊரு. சத்துணவு படிச்ச பொண்ணு, இருவத்தாறு வயசு. எதை எத்தனை கிராம் திங்கறதுன்னு சொல்ல ஒரு படிப்பு! சரி, வந்தமா, சார்ட்டு எழுதிக் குடுத்தமான்னு இருக்கலாமில்ல? ஒரு ஃபாரம் கொண்டு வந்துச்சு. பத்துக் கேள்வி. ஆருக்கும் தெரியாம ஒளிஞ்சு சாப்பிடுவீங்களா? சாப்பிட்டதை வேணும்னே வாந்தி எடுப்பீங்களா? கண்ணாடி பாக்கக் கூசுதா? ஊசி போடற ஒவ்வொருத்தரும் மாசா மாசம் நிரப்போணுமாம். தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேக்கோணுமாம்.

"ஏம்மா மெர்லின், மரியாதைப்பட்ட குடும்பத்துப் பொம்பளைககிட்ட இதையெல்லாம் கேக்கறதா?"ன்னேன்.

"கேக்காட்டி எப்படிக்கா தெரியும்?"னுச்சு.

நாப்பது பேரு காத்திருக்கறப்ப ஆரு கேட்டுட்டிருப்பா? கௌண்டர்லயே வாங்கி வெச்சுக்கச் சொன்னாரு டாக்டர். பேஷன்டுக நேரத்தை எதுக்கு வீணாக்கோணும்னு நானே எல்லாத்துலயும் 'இல்லை' 'இல்லை'ன்னு டிக் போட்டுருவேன். ஒரு ஃபாரத்துக்குப் பதினஞ்சு செகண்டு. மெர்லினுக்கும் சந்தோசம், "பரவால்லக்கா, ஒருத்தருக்கும் பிரச்சனை இல்லை"ன்னு சொல்லிட்டிருந்துச்சு. நான் ஒருத்தருக்காவது கெடுதல் நெனச்சனா சொல்லுங்க.

தை மாசத்துல தமயந்தி அறுவதுக்கு வந்துட்டா. டாக்டர் அன்னிக்குத்தான் நிமிந்து பாத்தாரு. "இதுக்கு மேல ரொம்ப வேண்டாம். ஐம்பத்தாறுக்குக் கீழ போச்சுன்னா ஊசிய நிறுத்திரலாம்"னாரு. நான்னா சர்க்கரைப் பொங்கல் வெச்சுக் கொண்டாடியிருப்பேன். இவ மூஞ்சி செத்துப் போச்சு. வெளிய வந்து என்ற கையப் புடிச்சுக்கறா. "ஊசிய நிறுத்திட்டா மறுபடியும் பசிக்குமேக்கா. மறுபடியும் அப்படியே ஆயிருவேனேக்கா."

கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. வெரல் முட்டியில எல்லாம் தோல் உரிஞ்சு தழும்பு. எண்ணெய் தெறிச்சிருக்கும்னு நானே ஒரு ஆயின்மென்ட் வாங்கிக் குடுத்தேன். முடி கொட்டுதுன்னா, செம்பருத்தி காய்ச்சித் தேய்க்கச் சொன்னேன். மாசத் தீட்டு நின்னு போச்சுன்னா, அது ஒரு தொல்லை, விட்டுதுன்னு இருன்னேன். இங்க பாத்ரூம்ல போயி உவ்வே உவ்வேன்னு எடுப்பா. ஊசி போட்டா ஆருக்குத்தான் வரலை? மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது நான். மெர்லின் இல்லை.

மாசி மாசம். ஐம்பத்தேழு. அடுத்த வாரமும் ஐம்பத்தேழு. அதுக்கடுத்ததும் ஐம்பத்தேழு. ஆனா கன்னம் ஒட்டிட்டே போவுது, வளையல் முழங்கை வரைக்கும் போவுது. மூணாவது வாரம் மெஷின்ல ஏறறப்ப டங்குன்னு ஒரு சத்தம். கொசுவத்துக்குள்ளருந்து என்னமோ நழுவிக் கீழ உளுந்துச்சு. எடைக்கல்லு! இரும்பு எடைக்கல்லு, ரெண்டு கிலோ. காய்கறி நிறுத்து வாங்கறதுக்கு ஊட்டுல வெச்சிருக்கறது. உள்பாவாடைக்குள்ள துணிப்பை தெச்சு, அதுக்குள்ள போட்டுக் கட்டிட்டு வந்திருக்கா. பத்தாததுக்கு வர்ற வழியில ஒண்ணரை லிட்டர் தண்ணியும் குடிச்சிருக்கா.

எனக்குச் சிரிப்புத் தாங்கலை. இத்தனை வருசத்துல செருப்பைக் கழட்டினவங்களைப் பாத்திருக்கேன், தோட்டைக் கழட்டினவங்களைப் பாத்திருக்கேன், பல் செட்டைக் கழட்டினவரைக்கூடப் பாத்திருக்கேன். கல்லைக் கட்டிட்டு வந்து ஏறினவ இவ ஒருத்திதான்.

அவ குனிஞ்சு கல்லை எடுத்து முந்தானைக்குள்ள சுத்திக்கிட்டா. "அக்கா, சொல்லிராதீங்கக்கா. உங்க காலைப் புடிச்சுக்கறேன், டாக்டர்கிட்டச் சொல்லிராதீங்க."

நான் எளகின மனசுக்காரி. "சரி போ"ன்னுட்டு, "ஐம்பத்தேழு!"ன்னு உள்ளுக்குச் சத்தம் குடுத்தேன்.

அதுக்கப்பறம் அவளுக்குப் பயம் போயிருச்சு. என்கிட்ட வந்து கண்ணால ஜாடை காட்டுவா, நான் பேசாம எழுதிருவேன். ரெண்டு கிலோ மூணு ஆச்சு, அஞ்சு ஆச்சு. டாக்டருக்குத் தெரிஞ்சதெல்லாம் ஐம்பத்தேழு. "என்னம்மா, அப்படியே நின்னு போச்சே, மருந்து பத்தலை போல"ன்னு ஊசியோட அளவை ஏத்தி எழுதிட்டாரு. அவரு ஏத்துவாருன்னு நான் கனவா கண்டேன்? எழுதறது அவரு, போடறது நர்சு, கட்டிட்டு வர்றது அவ. நான் வெறும் நம்பரைச் சொன்னவ.

சித்திரை மாசம் ஒரு நிச்சயதார்த்தச் சமையல். நாலு அண்டா அடுப்புல. இவ சாம்பாருக்கு உப்புப் பாக்கக் கரண்டிய எடுத்தவ, நாக்குல வெச்சுட்டு, பின்பக்கம் போயி வெரலை உட்டு வாந்தி எடுத்துட்டு வந்திருக்கா. ஒரு சொட்டு சாம்பாருக்கு! வந்தவ அண்டாவுக்கு ரெண்டடி இந்தப் பக்கமா உளுந்துட்டா. ரெண்டடி அந்தப் பக்கம்னா சாமி, நெனைக்கவே முடியலை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. ஒடம்புல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்குதாமே, அது வத்திப் போயி நெஞ்சுத் துடிப்பே தாறுமாறா ஓடிருக்கு. நாலு நாள் ஐசியூ.

அங்க எடை பாத்தா ஐம்பதரை.

மெர்லின் எங்க ஃபைலைத் தூக்கிட்டு வந்து கௌண்டர்ல வெச்சுது. ஹால் நெறைய ஆளு. "சாந்தாமணியக்கா, ஆறு நாளைக்கு முன்னாடி ஐம்பத்தேழுன்னு எழுதியிருக்கீங்க. ஆறு நாள்ல ஆறரை கிலோ எங்க போச்சு?"

"மெஷின் கோளாறா இருக்கும்"னேன்.

"இந்த ஃபாரத்துல வாந்தி இல்லை, ஒளிஞ்சு சாப்பிடறது இல்லைன்னு டிக் இருக்கு. இது அவங்க போட்டதா?"

நான் டோக்கனையெல்லாம் எடுத்து வரிசையா அடுக்கினேன்.

"எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வுக்கா. அறுவத்தி மூணு ஃபாரம் பாத்தாச்சு." அதோட குரல் உடைஞ்சு போச்சு. "அதை நம்பித்தானக்கா நான் ஒருத்தரையும் கூப்பிட்டுப் பேசாம விட்டேன்."

அத்தனை பேரு முன்னால என்னைக் கேள்வி கேட்டுட்டு, அழுதது ஆருன்னா அது! அழுக வேண்டியவ நானு. எடைக்கல்லு சமாச்சாரத்தைச் சொன்னேன். என்ன பண்றது, சொல்லித்தான ஆவோணும். டாக்டர் உள்ளருந்து வந்து கேட்டுட்டு நின்னாரு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டலை. செவத்துக்குப் போயி அந்த முன்னாடி பின்னாடி போட்டோவைக் கழட்டி எடுத்துட்டு, "நானும் அந்தப் பொண்ணு மூஞ்சிய ஒரு தடவையாவது சரியாப் பாத்திருக்கோணும், சாந்தாமணி"ன்னுட்டு உள்ள போயிட்டாரு. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

மறுவாரமே மெஷின் உள்ள போயிருச்சு. மெர்லின்தான் எடை பாக்கும். நம்பருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கோணுமாம், சத்தமாச் சொல்லக் கூடாதாம், கேட்டா மட்டும் காதோட சொல்லுமாம். எனக்கு டோக்கனும் போனும்.

சரி, என்ன இருந்தாலும் பழகின பொண்ணாச்சேன்னு ஆஸ்பத்திரிக்குப் போயி அவளைப் பாத்தேன். ஒரு கிலோ கமலா ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். ரெண்டு கையிலயும் ஊசி, மூக்குல டியூபு. ஊட்டுக்காரர் கால்மாட்டுல உக்காந்திருந்தாரு. அன்னிக்கு ஒரு தமாசும் சொல்லலை.

ஆறுதலாப் பேசோணுமில்ல? "எப்படியோ போ, மொகம் எத்தனை எடுப்பா இருக்குது பாரு. இவங்க பேச்சைக் கேட்டு மறுபடியும் ஏத்திக்காத கண்ணு"ன்னேன்.

அந்த மனுசன் எந்திரிச்சு, "அக்கா, வெளிய போயிருங்க"ன்னாரு. மொதல் நாள் மெஷின் தாங்குமான்னு கேட்ட அதே மனுசன்! தமயந்தி கையக் காட்டி அவரை நிறுத்தினா. என்னைப் பக்கத்துல வரச் சொன்னா. பேச்சே காத்து மாதிரி வருது.

"நீங்க ஏங்க்கா சொல்லலை?"

"நீதான சாமி சொல்ல வேண்டாம்னே. காலைப் புடிச்சுக்கறேன்னியே?"

"சொன்னேனுங்க்கா. ஆனா ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் கல்லைக் கட்டறப்ப, இன்னிக்காச்சும் அந்த அக்கா சொல்லிரும்னு நெனச்சுட்டேதான் கட்டுவேன்."

கேட்டீங்களா நாயத்தை? சொல்லாதன்னு கெஞ்சறதும் அவ, ஏன் சொல்லலைன்னு கேக்கறதும் அவ. நான் ஆரஞ்சை வெச்சுட்டு வந்துட்டேன். பஸ்ல வர்றப்ப பூரா அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். என்ற ஸ்டாப்பையே விட்டுட்டேன்னா பாத்துக்கங்க. அத்தனை கோவம். கோவந்தான், வேறென்ன.

இப்பத் தேவலைங்க அவளுக்கு. ஊசிய நிறுத்தியாச்சு. கோயமுத்தூர்ல ஒரு மனநல டாக்டர்கிட்டப் போயிட்டு வர்றா. மத்தியானச் சாப்பாடு மட்டும் தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதாம். அதனால ஒரு மணிக்கு டப்பாவைத் தூக்கிட்டு இங்க வந்துருவா, பின் ரூம்ல மெர்லின் கூட உக்காந்து சாப்பிடுவா. திங்கறதுக்குத் தொணைக்கு ஆளு! எந்தக் காலத்துலங்க கேட்டிருக்கோம்?

போன வாரம் மெர்லின் லீவு, அவங்க அக்கா கல்யாணம். காலையில எனக்குப் போன் பண்ணுது. "அக்கா, இன்னிக்கு ஒரு நாளு நீங்க தமயந்தியக்கா கூட உக்காருங்க. எடையப் பத்தி, சோத்து அளவைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அப்பறம் என்னத்தைப் பேசறது?"ன்னேன்.

"மழை பேஞ்சுதான்னு கேளுங்க"னுச்சு.

எனக்கும் அவளுக்கும் நடுவுல அதுக்கப்பறம் பேச்சே இல்லை பாத்துக்கங்க. போயி எதுக்க உக்காந்தேன். டப்பாவைத் தொறந்தா. அரிசிம்பருப்பு சாதம், நெய் ஊத்தி. ஒரு ஓரமாத் தயிரு. அவ கரண்டியப் புடிச்சுட்டு அதையே பாத்துட்டிருக்கா. "உங்க பக்கம் மழைங்களா?"ன்னேன். "இல்லீங்க்கா"ன்னா. செத்த நேரம் கழிச்சு, "நேத்து பேஞ்சிருக்குமோ?"ன்னேன். மூணாவது தடவை மழையக் கேக்கவும் சிரிச்சுட்டா. பல்லெல்லாம் கொஞ்சம் கறை ஏறிப் போயிருக்கு, ஆனா நல்ல சிரிப்பு. ஒரு வாய் எடுத்துத் தின்னா. முழுங்க எத்தனை நேரம்! நான் செவத்தையே பாத்துட்டிருந்தேன்.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"ன்னா.

"கூட்டம் கொறையட்டும் கண்ணு, அப்பறமாப் பாத்துக்கறேன்."

"நானும் அப்படித்தாங்க்கா சொல்லிட்டிருந்தேன்."

என்னைப் போயி பேஷன்டு கூடச் சேத்துப் பேசறா பாருங்க! நான் கல்யாணத்தப்ப நாப்பத்தி மூணு கிலோ, இன்னைக்கும் நாப்பத்தி மூணு. காப்பி குடிச்சா எனக்குப் பத்தும், ராத்திரிக்கு ரெண்டு இட்லி. அதைச் சொன்னேன். அவ கேட்டா, "மத்தியானத்துல சோறு தின்னு எத்தனை வருசம் ஆச்சுங்க்கா?"ன்னு. ரோசிச்சேன். பொண்ணு கல்யாணத்தன்னிக்கா? அன்னிக்குப் பந்தியப் பாத்துட்டு நின்னுட்டேன். அதுக்கு முன்னாடி எப்ப? ஒண்ணும் நெனப்பு வரலை. அவ டப்பா மூடியில பாதிச் சாதத்தை எடுத்து வெச்சு என்ற பக்கம் நவுத்தினா.

மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தேன். சீரகமும் பூண்டும் தாளிச்ச வாசம் மூக்குல ஏறுது. சோறு தொண்டையில போயி நின்னுக்கிட்டுக் கீழ எறங்க மாட்டேங்குது. சோறுதான, எதுக்கு இப்படிப் பயமா வருதுன்னு எனக்கே புரியலை. காரம் போல, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ ஓரத்துத் தயிரை எடுத்து என்ற சோத்துல வெச்சா. "எங்க பக்கம் நேத்து லேசாத் தூறுச்சுங்க்கா"ன்னா. அவ ஒரு வாய், நான் ஒரு வாய். முடிக்க நாப்பது நிமிசம் ஆச்சு. வெளிய போன் அடிச்சுட்டே இருந்துச்சு, எந்திரிக்கவே இல்லை.

அடுத்த நாள் மெர்லின் வந்துருச்சு. மெர்லினும் நானும் சாப்பிடறப்ப நீங்களும் வாங்கன்னு தமயந்தி கூப்பிடறா. போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு வாரமாப் போறேன்.

மணி பன்னண்டே முக்கால் ஆச்சுங்களா? இப்ப வந்துருவா. நீங்க உக்காந்திருங்க அம்மிணி, நர்சு கூப்பிடும். நான் பின்னால போயிருவேன். அவளுக்காகத்தான் போறேன், பாவம், தொணைக்கு ஆளு இல்லாட்டித் திங்க மாட்டா. எனக்கென்னங்க, பசியா?